அபூ கைஸ் வீட்டு டேங்க் வழிந்த கதை

நவாஃப் வீட்டில் தட்டை உடைக்கலாம், சோற்றில் உப்பை அள்ளிக் கொட்டலாம், மைத்துனனோடு கட்டிப் புரண்டு சண்டை போடலாம். மனிதர் வாயைத் திறக்க மாட்டார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது ஒரு கொட்டாவி விட்டால் போதும், வீடு இரண்டுபடும்.

அம்மானில், அஷ்ரஃபிய்யா குன்றின் கீழ்ச்சரிவில் இருக்கிறது அந்த வீடு. தெருக்குழாயில் வெள்ளிக்கிழமைதான் தண்ணீர் வரும். அன்றைக்கு மாடி டேங்க்கில் ஏறியதுதான் அடுத்த வெள்ளி வரைக்கும். இது தெருவுக்கே பொதுவான தலையெழுத்து. புதன்கிழமை வந்தால் மற்ற வீடுகளில் டேங்க்கைத் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நவாஃப் வீட்டில் புதன்கிழமை பாதி டேங்க் மிச்சமிருக்கும். அந்தப் பாதி டேங்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

மிச்சம் சும்மா வரவில்லை. கீரை கழுவிய தண்ணீர் புதினாவுக்கு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்த தண்ணீர் எலுமிச்சை மரத்துக்கு. துணி அலசியது கக்கூஸுக்கு. குளிக்கிறவர் அகலமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்றுகொண்டுதான் குளிக்க வேண்டும். தொட்டியில் தேங்கியது முற்றம் கழுவ. குளியலறை வாசலில் முட்டை வேகவைக்கிற கடிகாரம் ஒன்று நாலு நிமிஷத்துக்குத் திருகி வைக்கப்பட்டிருக்கும். மணி அடித்தபின் உள்ளே சோப்போடு நிற்பது யாராக இருந்தாலும் சரி, வெளியே நின்று நவாஃப் இருமுவார். அந்த இருமலுக்குப் பயந்து அவருடைய மைத்துனர் ஒருமுறை தலை நிறைய நுரையோடு வெளியே வந்துவிட்டார்.

அவருடைய மனைவி ரஸ்மிய்யா இந்தச் சட்டத்தின் கீழ் முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். முதலில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு பழகிப் போனாள். பழகியது எந்த அளவுக்கு என்பது ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. கை கழுவும் இடத்தில் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சீமாட்டி, குழாயைத் திறந்து விட்டுவிட்டு மருமகளைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தாள். ரஸ்மிய்யா தன் பாட்டுக்குப் போய்க் குழாயை மூடி, "பேசி முடிச்சிட்டுத் திறங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பகீர் என்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் கையையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

நவாஃப் தன் வீட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் தேவலை. தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் தெரு முழுவதையும் அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். எந்த மாடியில் டேங்க் வழிந்தாலும் முதல் குரல் அவருடையதுதான். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித் தெருவில் நின்று கூவுவார். போதாததற்குப் படம் பிடித்துத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே 'வெட்கம்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். கோழிக்கடை சுபூத் வீட்டுச் சுவர் மட்டும் மூன்று தடவை அந்தக் குழுவில் வந்துவிட்டது. சுபூத் அவருக்குக் கோழி வெட்டும்போது கத்தியைக் கொஞ்சம் அழுத்தியே வெட்டுவார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாதது மகள் லுப்னாவின் கல்யாணம்.

லுப்னாவுக்கு இருபத்தொன்பது வயது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. முதலில் பெண் கேட்டு வந்த கணக்கர், சாப்பிட்டபின் கை கழுவப் போனார். நவாஃப் வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாய் ஓடியது ஒன்றரை நிமிஷம். கணக்கருக்கு இனிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், பெண்ணைக் கொடுக்கவில்லை. அடுத்து வந்த இன்ஜினீயர் நல்ல பையன்தான். பேச்சுவாக்கில், வீட்டு முன்னால் புல்தரை போட்டிருப்பதாகப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். புல்தரை என்ற சொல்லைக் கேட்டதும் நவாஃப் எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றாவது மாஹிர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். லுப்னா கண்ணாடி மாற்றப் போய், அதன்பின் மூன்று மாதத்தில் நான்கு முறை கண்ணாடிக் காம்பு தளர்ந்துவிட்டதாகச் சொல்லி அந்தக் கடைக்கே போனாள். ரஸ்மிய்யாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பையனைப் பார்த்தாள், பிடித்தும் போயிற்று. எல்லாம் கூடி வந்த நேரத்தில் நவாஃப் எதிர்க்குன்றில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுச் சுவரில் தண்ணீர் அருவியாகக் கொட்டுவதைக் கண்டார். வழக்கம்போலக் கூவினார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. படம் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது மாஹிரின் அப்பா வீடு.

"சுவத்துல தண்ணி ஒழுகுற வீட்டுக்குப் பொண்ணு கிடையாது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

லுப்னா அழவில்லை. அதுதான் ரஸ்மிய்யாவைப் பயமுறுத்தியது. சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"உம்மா, இவர் இல்லேன்னா வேற யாரும் வேணாம். இனிமே யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாதீங்க. கைஸ் அண்ணன் இருக்கிற ஊர்ல ஒரு வேலை இருக்காம். நான் போயிடறேன்."

"வாப்பாவைப் பத்தித் தெரியாதா உனக்கு? கொஞ்ச நாள் போகட்டும்டி."

"எத்தனை நாள்? எனக்கு முடி நரைக்கிற வரைக்கும் டேங்க்கை அளந்துக்கிட்டே இருக்கட்டும் அவர்."

மகன் கைஸ் ஏற்கெனவே வளைகுடாவில்; அவனுடைய அப்பா என்பதால்தான் ஊருக்கு நவாஃப் 'அபூ கைஸ்'. மகளும் போய்விட்டால் இந்த வீட்டில் மிஞ்சுவது ரஸ்மிய்யாவும் முட்டைக் கடிகாரமும்தான்.

மாஹிர் வீட்டார் விடவில்லை. ஹாஜி மித்காலைப் பிடித்தார்கள். ஹாஜி மித்கால் பெரிய உடம்பு, முழங்கால் வலி, நாலு குன்றுக்கும் தெரிந்த மனிதர். அவர் தலைமையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இருபது பெரியவர்கள் சேர்ந்து பெண் கேட்டு வரும்போது வாசலை மூட யாராலும் முடியாது. வருவார்கள், உட்காருவார்கள், காப்பி கொடுக்கப்படும். ஒருவரும் தொட மாட்டார்கள். தலைவர் கேட்க வேண்டியதைக் கேட்பார். பெண்ணின் தகப்பன் 'காப்பியைக் குடியுங்கள்' என்றால் கல்யாணம் நிச்சயம். பிறகு அப்பீல் கிடையாது. சொல்லாவிட்டால் காப்பி அப்படியே ஆறும், வந்தவர்கள் எழுந்து போவார்கள், இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாது.

நவாஃப் அசரவில்லை. வியாழக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று, மீசையை வெட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தார்.

"வரட்டும். மரியாதையா உட்கார வைப்பேன். அப்புறம் இந்தப் படத்தைக் காட்டுவேன். ஹாஜியே சொல்லட்டும், சுவத்துல தண்ணி ஒழுகுற வீடு வீடா? அந்த வீட்டோட சம்பந்தம் வெச்சிக்கிறவன் மனுஷனா?"

ரஸ்மிய்யா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"இதையே சொல்லப் போறீங்களா? இப்படியேவா?"

"ஒரு எழுத்து மாறாம."

"நல்லா இருக்கு. கடைசி வரியை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ரஸ்மிய்யா.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தண்ணீர் வரும் நாள்.

டேங்க்கின் உள்விவகாரம் அவளுக்கு அத்துப்படி. வேண்டாமென்றாலும் முப்பத்தோரு வருடமாகக் காதில் ஓதப்பட்ட பாடம் அது. தண்ணீர் ஏற ஏற மிதவை உயரும். மேலேறி நின்றதும் குழாயை மூடிவிடும். அதற்கும் ஒரு சாண் மேலேதான், மிச்சத் தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்கிறது. அது மாடிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, விருந்தினர் அறை ஜன்னலுக்கு நேரே தோட்டத்தைப் பார்த்து நிற்கும். மிதவையை யாராவது கீழே பிடித்து இழுத்து வைத்தால், ஒரு சாண் ஏற இருபத்தைந்து நிமிஷம். இருபத்தாறாவது நிமிஷம் அந்த ஜன்னலுக்கு வெளியே நவாஃப் வீட்டு மானம் கொட்ட ஆரம்பிக்கும். ஒழுகுகிற வீட்டைப் பற்றி அவர் பேசி முடித்த வாயோடு இது நடந்தால், அப்புறம் எந்த முகத்தோடு மறுப்பார்?

திட்டம் பழுதில்லாதது. ஒரே ஒரு இடத்தில்தான் அவளுக்கு மனம் இடறியது. கொட்டுகிற தண்ணீர்?

நிமிஷத்துக்குப் பத்து லிட்டர். மகள் கல்யாணத்துக்காகப் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டு நஜ்வாவை மதில் மேல் கூப்பிட்டாள்.

"நஜ்வா, உன் துணித் தொட்டி ரெண்டையும் கொடேன்."

"எதுக்கு? உன் வீட்டுலதான் ஆளுக்கொரு தொட்டி இருக்கே."

"ஜாஹா வருது இல்ல? அதுக்குத்தான்."

"ஜாஹாவுக்குத் தொட்டியா? ஆம்பளைங்களைக் குளிப்பாட்டியா அனுப்பப் போறே?"

"கொடுடின்னா. கேள்வி கேட்காதே."

நஜ்வா கேள்வி கேட்காமல் இருக்கும் பிறவி இல்லை. ஆனாலும் ரஸ்மிய்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டிகளைக் கொடுத்தாள். கூடவே, கேட்காமலே ஒரு பெரிய அண்டாவையும் மதில் மேல் ஏற்றி வைத்தாள். ஆக நாலு தொட்டி, இரண்டு அண்டா, கூட்டுவிருந்துக்குச் சோறு வடிக்கும் தேக்சா ஒன்று. ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாதபடி சுவரை ஒட்டி மூன்றை வைத்தாள், மற்றவற்றை எலுமிச்சை மரத்தின் பின்னால் தயாராக. காலித் தொட்டியில் தண்ணீர் விழுந்தால் மேளம் கொட்டுமே என்று ஒவ்வொன்றின் உள்ளேயும் அடியில் பழைய சாக்கை விரித்தாள்.

மதியம் நவாஃப் மாடிக்குப் போய்க் கோல் விட்டு அளந்தார். டேங்க் நிறைந்து மிதவை மூடியிருந்தது. சீட்டியடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

நாலு மணிக்குத் தெருமுனையில் கார்கள் நிற்கும் சத்தம் கேட்டது. நவாஃப் வாசலுக்குப் போன அதே நேரத்தில் ரஸ்மிய்யா ஈரத்துணிக் கூடையோடு மாடி ஏறினாள். கூடையின் அடியில், நவாஃபின் சாம்பல் நிறக் காலுறை ஒன்றுக்குள் மூன்று கல். மூடியைத் தூக்கி, மிதவைத் தண்டில் காலுறையை மாட்டிவிட்டாள். மிதவை கீழே போயிற்று. குழாய் சளசளவென்று பேச ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் முள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த காலத்துக்குப் பிறகு அவள் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

விருந்தினர் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. அதைக் காதளவு திறந்து வைத்துக்கொண்டு ரஸ்மிய்யாவும் லுப்னாவும் நின்றார்கள். லுப்னாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் முகம் வெளுத்திருந்தது.

சலாம், நலம் விசாரிப்பு, பேரன் பேத்தி விசாரிப்பு. காப்பி வந்தது, ஹாஜி மித்கால் கிண்ணத்தை எடுத்து, குடிக்காமல் எதிரே இருந்த முக்காலியில் வைத்தார். இனி அவர் வழக்கப்படி ஆதம் நபியில் ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவார் என்றுதான் ரஸ்மிய்யா கணக்குப் போட்டிருந்தாள். பாழாய்ப் போன முழங்கால் அன்றைக்குப் பார்த்து வலித்தது.

"அபூ கைஸ், எனக்கு ரொம்ப நேரம் உட்கார முடியல" என்றார் ஹாஜி. "நல்ல பையன், நல்ல பொண்ணு. மாஹிருக்கு உங்க லுப்னாவைக் கேட்டு வந்திருக்கோம். சொல்லுங்க, காப்பியைக் குடிக்கிறோம்."

காலுறையை மாட்டி ஒன்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் வழிய இன்னும் பதினாறு வேண்டும்.

நவாஃப் தொண்டையைச் செருமினார். "ஹாஜி, உங்களைத் தலைமேல வெச்சிருக்கேன். ஆனா முதல்ல இதைப் பாருங்க." போனை எடுத்துப் படத்தைத் திறந்து நீட்டினார்.

ஹாஜி போனைத் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். "என்ன இது? ஒட்டகமா?"

"சுவர், ஹாஜி. தண்ணி ஒழுகுற சுவர்."

"கண்ணாடி கொண்டு வரல."

மாஹிர் எழுந்தான். கோட்டுப் பையிலிருந்து இரண்டு மூக்குக்கண்ணாடிகளை எடுத்தான். தொழில்காரன், பையில் எப்போதும் இருக்கும். ஹாஜி ஒன்றைப் போட்டுப் பார்த்தார், சரியில்லை, மற்றதைப் போட்டார். "அட, இது நல்லா இருக்கே" என்று படத்தை விட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "எனக்குக் கொடுங்க பார்ப்போம்" என்றார். போன் ஒரு பக்கமும் கண்ணாடிகள் ஒரு பக்கமுமாக இருபது பேரைச் சுற்றி வந்தன. தன் வீட்டுச் சுவர் ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டு மாஹிரின் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் ரஸ்மிய்யா அந்த மூக்குக்கண்ணாடிகளை மனதார வாழ்த்தினாள்.

போன் திரும்பி வந்தது. நவாஃப் எழுந்து நின்றார்.

"பார்த்தீங்க இல்ல? ஊரே ஒரு சொட்டுக்கு ஏங்குது. இவங்க வீட்டுச் சுவத்துல அருவி. கூப்பிட்டேன், எட்டிப் பார்க்க ஆளில்ல. ஹாஜி, நீங்களே சொல்லுங்க. சுவத்துல தண்ணி ஒழுகுற வீடு வீடா? அந்த வீட்டோட சம்பந்தம் வெச்சிக்கிறவன் மனுஷனா?"

கடைசி வரியைச் சத்தமாகவே சொன்னார். சொன்ன வாயை மூடுமுன், ஜன்னலுக்கு வெளியே, சொட சொடவென்று ஒரு சத்தம்.

இருபது தலைகளும் திரும்பின. ஜன்னலின் முழு அகலத்துக்கும், மாலை வெயிலில் பளபளத்துக்கொண்டு, தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது... அது பக்கத்து வீட்டு டேங்க்" என்றார் நவாஃப்.

"உங்க ஜன்னலுக்கு நேரேயா?" என்றார் ஹாஜி.

"காத்து அடிச்சிக் கொண்டாருது."

அதற்குள் தெருவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கோழிக்கடை சுபூத். இத்தனை வருடமும் இந்த ஒரு நாளுக்காகத் தொண்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர் போலக் கூவினார். "அபூ கைஸ்! ஓ அபூ கைஸ்! உங்க டேங்க்கு வழியுதுங்கோ! எட்டிப் பாருங்க! படம் புடிச்சிட்டேன்!" பின்னாலேயே வேறு குரல்கள், சிரிப்பு, ஜன்னல்கள் திறக்கும் ஓசை. நவாஃபின் போன் கையிலேயே டிங் என்றது. பார்க்காமலே அவருக்குத் தெரியும், ஒரே ஒரு வார்த்தைதான் வந்திருக்கும்.

ஹாஜி மித்கால் முழங்காலைத் தடவிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "அபூ கைஸ், சுவத்துல ஒழுகுற வீட்டுலேருந்து பொண்ணு எடுக்கலாமா? உங்க அபிப்பிராயம் என்ன?"

நவாஃப் மாடிப்படிக்கு ஓடினார்.

கதவுக்குப் பின்னால் லுப்னா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "உம்மா, அல்லாஹ்மேல ஆணையா, இது என்ன உம்மா?" ரஸ்மிய்யாவும் சிரித்திருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. அவள் காது வேறு எங்கோ இருந்தது. தோட்டத்தில் முதல் தொட்டியின் சத்தம் மாறிவிட்டது. நிறைந்த தொட்டியின் விளிம்பில் தண்ணீர் தளும்பிச் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம். அது போதாதென்று காற்று வேறு திரும்பி, அருவியை மற்ற இரண்டு தொட்டிகளுக்கும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பேசாமல் நின்றிருக்கலாம். ஒன்றும் அறியாத பெண்பிள்ளையாகச் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தால், மாடியில் கிடக்கும் காலுறைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று சாதித்திருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கால் நிற்கவில்லை.

பூவேலை செய்த நல்ல அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு ஓடினாள். நிறைந்த தொட்டியைக் காலால் தள்ளி, அண்டாவை உள்ளே நுழைத்தாள். காற்று மாறியது, அண்டாவை இழுத்துக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே போனாள். தேக்சாவைக் கையில் ஏந்திப் பிடித்தாள். தலைத்துணி நனைந்தது, மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. மதிலுக்கு மேல் நஜ்வாவின் தலை தெரிந்தது.

"இந்தப் பக்கம்டி! எலுமிச்சைக்கிட்ட விழுது பார், அந்தப் பக்கம்!"

"கத்தாதே, புடி இதை!"

சட்டென்று தண்ணீர் நின்றது.

ரஸ்மிய்யா நிமிர்ந்தாள். மாடிச் சுவரின் மேலே நவாஃபின் தலை. ஒரு கையில் காலுறை தொங்கியது. அதன் நுனியிலிருந்து நீர் சொட்டியது. அவர் அவளைப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார். சாக்கு விரித்து, வரிசையாக, சொன்ன இடத்தில் சொன்னபடி வைக்கப்பட்டிருந்த தொட்டிகள். மறுபடி அவளைப் பார்த்தார். விபத்துக்கு யாரும் முன்கூட்டியே சாக்கு விரித்து வைப்பதில்லை.

தேக்சாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். முடிந்தது என்று நினைத்தாள். இப்போது இறங்கிப் போய், அந்தக் காலுறையை இருபது பேர் முன்னால் ஆட்டிக் காட்டுவார். என் டேங்க்கில் குற்றமில்லை, குற்றம் என் பெண்டாட்டியிடம் என்பார். மானம் காப்பாற்றப்படும். லுப்னா பெட்டி கட்டுவாள்.

"எவ்வளவு தண்ணி தரையில போச்சு?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஒரு சொம்பு" என்றாள். "காத்து திரும்பிடுச்சு. இல்லேன்னா அதுவும் போயிருக்காது."

அவர் தலை மறைந்தது.

ரஸ்மிய்யா ஓடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றபோது அவர் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். சட்டையின் கைகள் இரண்டும் தோள் வரை நனைந்திருந்தன. காலுறை கையில் இல்லை. கால்சட்டைப் பை ஒன்று கல் கல்லாகப் புடைத்திருந்தது.

"என்ன ஆச்சு, அபூ கைஸ்?" என்றார் ஹாஜி. "யாராவது விளையாடிட்டாங்களா?"

ஜன்னல் வழியே தெருவில் இன்னும் சிரிப்பு கேட்டது. நவாஃப் சொன்னார், தெருவுக்கும் கேட்கிற மாதிரி.

"யாரும் இல்ல. என் மிதவைதான். பழசாயிடுச்சு, நான் கவனிக்கல. தப்பு என்னுது."

அந்த வீட்டில் முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடக் காதில் விழாத வார்த்தை. ரஸ்மிய்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் திட்டம் போட்டாள். அவர் மனமறிந்து தலையைக் கொடுப்பார் என்று நினைக்கவில்லை. தான் செய்ததை நினைத்து முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

நவாஃப் மாஹிரின் அப்பா எதிரில் போய் நின்றார். "உங்க வீட்டுச் சுவரைப் படம் புடிச்சேன். மன்னிச்சுக்குங்க. யாருக்கும் ஆகும்." பிறகு ஹாஜியிடம் திரும்பினார். "காப்பியைக் குடியுங்க ஹாஜி. ஆறிப்போச்சு, இருந்தாலும் குடியுங்க."

இருபது கிண்ணங்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. லுப்னா அம்மாவின் ஈரத்தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நிச்சயத்துக்குப் பாத்திஹா ஓதி, முதுகில் தட்டி, கட்டிப் பிடித்து, சத்தம் கொஞ்சம் அடங்கியபின் நவாஃப் சமையலறைக்கு வந்தார். ரஸ்மிய்யா இன்னும் தேக்சாவை இறக்கி வைக்காமல் நின்றிருந்தாள்.

"அபூ கைஸ், நான்..."

"பேசாதே." அவர் தேக்சாவை அவள் கையிலிருந்து வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேடைமேல் வைத்தார். கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம். இப்படி ஒரு மாமியார்னு தெரிஞ்சா, குடிச்ச காப்பியைக் கக்கிட்டு ஓடிடுவான்."

ரஸ்மிய்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். உள்ளே ஆண்கள் குலவைக்காகக் காத்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவள்தான் முதலில் எடுக்க வேண்டும். வாயைக் குவித்தாள், சிரிப்பு வந்து கெடுத்தது. இரண்டாம் முறை எடுத்தாள், அழுகை வந்து கெடுத்தது. மூன்றாம் முறை எடுத்ததைக் குலவை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஜ்வாதான் அதைப் பிடித்து, தெரு முழுக்கக் கேட்கும்படி முடித்து வைத்தாள்.